மில்லு மோட்டார் சத்தம் போடுதா? பழுது பார்ப்பதா, புதுசு வாங்குவதா?



சாமை அறுவடை முடிந்த கையோடு நம் குழுக்கள் நடத்தும் அரவை மில்களில் கூட்டம் சேர்ந்துவிடும். ஆலங்காயம் ஒன்றியத்திலும் சரி, மேலே ஜவ்வாது மலையில் புதூர்நாடு, நெல்லிவாசல், புங்கம்பட்டு பக்கத்திலும் சரி, நாலு காசு பார்க்கிற காலம் அதுதான். அதுவரைக்கும் நல்லா ஓடிக்கிட்டிருந்த மோட்டார் சொல்லி வைத்த மாதிரி அப்போதுதான் "கரகர"ன்னு கத்த ஆரம்பிக்கும். மெக்கானிக்கைக் கூப்பிட்டால், வந்து பார்க்காமலே "மோட்டார் போயிடுச்சும்மா, மாத்திடுங்க" என்று போனிலேயே சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. உடனே குழுவில் இரண்டு கட்சி. ஒரு கட்சி கடன் வாங்கியாவது புதுசு போடணும் என்கிறது. இன்னொரு கட்சி, "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்கிறது.

இரண்டுமே ஆபத்துதான். அந்த மோட்டார் குழுவின் சொத்து. அதை வாங்க எடுத்த கடனுக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருப்போம். அது நின்றால் தவணையும் நிற்கும், உள்கடன் சுழற்சியும் நிற்கும். அதனால் சத்தம் எங்கிருந்து வருகிறது, அதற்கு எவ்வளவு செலவு நியாயம் என்பதை உறுப்பினர்களே தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். நாம் ஸ்பேனர் பிடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மெக்கானிக் சொல்வது சரியா என்று கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும்.

சிறுதானியத்தை உரலில் குத்திப் புடைத்தவர்களுக்கு இந்த மெஷினின் அருமை தெரியும். ஒரு வேளைச் சாமைச் சோற்றுக்கு எத்தனை நேரம் உலக்கை பிடிக்க வேண்டியிருந்தது! கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானிய அரவை மெஷின்களை மகளிர் குழுக்கள் கையில் கொடுத்து நடத்த வைத்ததற்கு முக்கியக் காரணமே அந்தக் கை வலிதான். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்த பிறகு நகரத்துக்காரர்களும் சாமை, தினை கேட்கிறார்கள். மெஷின் ஓடினால்தான் அந்தச் சந்தை நமக்கு.

முதலில் பாதுகாப்பு

சத்தம் வருகிறது என்று ஓடுகிற மோட்டார் பக்கத்தில் குனிந்து பார்க்காதீர்கள். முந்தானை, தாவணி, பின்னல், கழுத்துத் துண்டு எது வேண்டுமானாலும் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் சிக்கும். சிக்கினால் கை போட்டு இழுக்கக்கூட நேரம் இருக்காது. 1 நிமிடத்துக்கு 1,440 சுற்று சுற்றுகிற சாமான் அது, அதாவது கண் இமைக்கிற ஒரு வினாடியில் 24 சுற்று. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, முடியைக் கொண்டை போட்டுத் துணி கட்டிக்கொண்டுதான் மில்லுக்குள் நுழைய வேண்டும். பெல்ட்டுக்கு இரும்புக் கம்பி வலை மூடி இல்லாத மில்லு நம் பகுதியில் இன்னும் இருக்கிறது. மோட்டார் சரி செய்கிற அன்றைக்கே அந்த மூடியையும் போட்டுவிடுங்கள். வெல்டிங் கடையில் அரை நாள் வேலைதான்.

எதைத் தொடுவதாக இருந்தாலும் ஸ்டார்ட்டரை அணைத்தால் மட்டும் போதாது. மெயின் சுவிட்சை இறக்கி, பீஸ் கேரியரைக் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். "யாரோ அக்கா வந்து ஆன் பண்ணிட்டாங்க" என்ற பேச்சுக்கே இடம் இருக்கக் கூடாது.

சத்தம் மோட்டாரிலா, மில்லிலா?

பாதிப் பிரச்சினை இந்த ஒரு கேள்வியிலேயே தீர்ந்துவிடும். மின்சாரத்தை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மோட்டாரை மட்டும் தனியாக ஓட்டிப் பாருங்கள். அது சத்தமில்லாமல் ஓடினால் மோட்டார் மேல் குற்றமில்லை. மில்லுக்குள் இருக்கிற பேரிங் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் கல் ஒன்றோடு ஒன்று உரசும், ஹேமர் மில்லாக இருந்தால் உள்ளே சுத்தியல் தகடு உடைந்திருக்கும், ஆணியோ நட்டோ தானியத்தோடு உள்ளே போயிருக்கும். நம் கூட்டமைப்பில் அடிவாரத்து ஊர்க் குழு ஒன்றுக்கு இப்படித்தான் ஆச்சு. மோட்டாரை மாற்றச் சொல்லிவிட்டார் மெக்கானிக். தலைவி அக்கா மட்டும், "அண்ணே, பெல்ட்டைக் கழட்டிட்டு ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க. அப்புறம் காசு பத்திப் பேசலாம்" என்று பிடிவாதமாக நின்றார். ஓட்டினால் மோட்டார் பூனை மாதிரி ஓடுகிறது. தேய்ந்திருந்தது மில்லின் உள் பேரிங். புது மோட்டாருக்கு ஆகியிருக்கும் பணத்தில் சின்னப் பங்குதான் செலவானது.

மோட்டாரைத் தனியாக ஓட்டும்போதும் சத்தம் இருந்தால் இரண்டாவது சோதனை. அது முழு வேகத்தில் ஓடும்போது சுவிட்சை அணையுங்கள். அணைத்தாலும் மோட்டார் சில வினாடிகள் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் காது கொடுத்துக் கேளுங்கள். அணைத்த அதே நொடியில் சத்தம் நின்றுவிட்டால் கோளாறு மின்சார சம்பந்தப்பட்டது. மோட்டார் சுற்றி அடங்கும் வரைக்கும் சத்தமும் கூடவே வந்து, மெதுவாகக் குறைந்து நின்றால் அது இரும்பு சம்பந்தப்பட்டது, பெரும்பாலும் பேரிங். காசு செலவில்லாத சோதனை இது. மெக்கானிக் வருவதற்கு முன்பே செய்து வைத்துக்கொள்ளலாம். "அண்ணே, ஆஃப் பண்ண உடனே நின்னுடுது" என்று நாம் சொன்னாலே அவர் நம்மிடம் பேசுகிற பேச்சு மாறிவிடும்.

மோட்டாருக்குள் தேய்வது எது?

மில்லில் இருப்பது இண்டக்ஷன் மோட்டார். அதன் உள்ளே வெளிப்பக்கம் செம்புக் கம்பி சுற்றிய கூடு இருக்கிறது. நடுவில் சுற்றுகிற உருளை இருக்கிறது, அதற்கு ரோட்டர் என்று பெயர். கூட்டுக்குள் பாயும் மின்சாரம் ஒரு காந்த வட்டத்தைச் சுற்ற வைக்கிறது, ரோட்டர் அதன் பின்னாலேயே ஓடுகிறது. இதற்கு 1888ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் நிக்கோலா டெஸ்லா. நம் தமிழ்நாட்டில் 1937ல் கோயம்புத்தூரில் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்து காட்டினார்கள். இந்தியாவிலேயே செய்த முதல் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். இன்றைக்கும் நம் மில்களில் ஓடுகிற மோட்டாரில் பல கோவைச் சரக்குதான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த ரோட்டர் எதையும் தொடாமல் சுற்றுகிறது. வீட்டு மிக்ஸியில் இருக்கிற மாதிரி கார்பன் பிரஷ் இதில் இல்லை. அதனால்தான் மிக்ஸி பிறவியிலேயே கத்துகிறது, மில்லு மோட்டார் அமைதியாக ஓட வேண்டியது. ரோட்டரைத் தாங்கிப் பிடிப்பவை இரண்டு முனையிலும் இருக்கிற இரண்டு பேரிங்குகள். தேய்கிற சாமான் அவை மட்டும்தான். ஆக, சுற்றி அடங்கும்வரை கூட வருகிற சத்தம் என்றால், பத்துக்கு ஆறேழு தடவை பேரிங்தான் என்று அனுபவப்பட்ட மெக்கானிக்குகள் சொல்வார்கள்.

"பேரிங்தானே, ஓடட்டும்" என்று விடக் கூடாது. ரோட்டருக்கும் கூட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி 1 மில்லிமீட்டர்கூட இல்லை. பேரிங் தேய்ந்தால் ரோட்டர் ஒரு பக்கம் சாய்ந்து கூட்டில் உரசும். உரசினால் சூடு, சூட்டில் கம்பியின் மேல் பூச்சு கருகும், காயில் போகும். சில நூறு ரூபாயில் தீர வேண்டிய வேலை பல ஆயிரத்தில் வந்து நிற்பது இப்படித்தான். பேரிங் சத்தத்தை ஒரு வாரம் தாண்ட விடாதீர்கள்.

பேரிங் மாற்றும்போது

பேரிங்கின் பக்கவாட்டில் ஒரு எண் பொறித்திருக்கும். 6204, 6205, 6206 என்று பார்க்கலாம். கடைசி இரண்டு எண்ணை 5ஆல் பெருக்கினால் உள் ஓட்டையின் அளவு மில்லிமீட்டரில் கிடைக்கும். 6205 என்றால் 05 பெருக்கல் 5, 25 மில்லிமீட்டர். வெளிவட்டம் 52, அகலம் 15. எட்டாம் வகுப்புக் கணக்குதான், ஆனால் வாணியம்பாடி கடையில் போய் நின்று "6205 கொடுங்க" என்று கேட்கிற அக்காவுக்குத் தனி மரியாதை கிடைக்கிறது.

எண்ணுக்குப் பின்னால் எழுத்து இருக்கும். இசட்இசட் என்றால் இரண்டு பக்கமும் இரும்புத் தகடு மூடி. 2ஆர்எஸ் என்றால் ரப்பர் மூடி. மாவும் உமித்தூசும் பறக்கிற இடத்துக்கு ரப்பர் மூடிதான் நல்லது. மாவுத்தூசு கிரீஸில் கலந்தால் களிம்பு மாதிரி ஆகி குண்டுகளை அரித்துவிடும். நல்ல கம்பெனி பெயரை அச்சடித்த போலிப் பெட்டிகளும் சந்தையில் உண்டு, ஆகவே பில் கொடுக்கிற கடையில் வாங்குங்கள். இரண்டு முனைப் பேரிங்கையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மூன்று மாதத்தில் மறுபடியும் மோட்டாரைப் பிரிக்க வேண்டிவரும், கூலி இரண்டு தடவை.

"புதுப் பேரிங் போட்டும் சத்தம் போகலை மேடம்" என்று சிலர் சொல்கிறார்கள். பேரிங் போட்ட விதத்தில்தான் தப்பு இருக்கும். பேரிங்கின் வெளிவளையத்தில் சுத்தியலால் அடித்து ஷாப்டில் ஏற்றினால், அந்த அடி குண்டுகள் வழியாக இறங்கி உள்ளே சின்னச் சின்னப் பள்ளம் விழும். அன்றைக்கே சத்தம் கேட்கும், இல்லையென்றால் பத்து நாளில் கேட்கும். சரியான முறை, உள்வளையத்தின் மேல் மட்டும் உட்காருகிற மாதிரி ஒரு குழாய்த் துண்டை வைத்து அழுத்தி ஏற்றுவது. திறந்த பேரிங்கைச் சூடு எண்ணெயில் போட்டு விரியவைத்து ஏற்றுகிறவர்களும் உண்டு. கேஸ் தீயை நேராகக் காட்டுவது கூடாது. வேலை நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், தப்பில்லை, நம் காசு.

கிரீஸ் விஷயத்திலும் நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. அதிகம் வைத்தால் அதிக நாள் ஓடும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. உள்ளே இருக்கிற இடத்தில் மூன்றில் ஒரு பங்கு நிறைந்தால் போதும். திணித்து வைத்தால் கிரீஸே கடைந்து சூடாகும். மூடி போட்ட பேரிங்குக்குக் கிரீஸ் வைக்கவே தேவையில்லை. தேங்காய் எண்ணெய், பழைய என்ஜின் ஆயில் ஊற்றுவதெல்லாம் இரண்டு நாளைக்குச் சத்தத்தை மறைக்கும், அவ்வளவுதான். அந்த எண்ணெய் காயிலுக்குள் வழிந்தால் இன்னொரு செலவு.

பேரிங் உட்காரும் குழி தளர்ந்து போயிருந்தால் புதுப் பேரிங்கும் அதில் ஆடும். லேத் பட்டறையில் புஷ் அடித்துக் கொடுப்பார்கள். "பேரிங் சீட் லூசா இருக்கா அண்ணே?" என்று கேட்க மறக்காதீர்கள். மாற்றிய பழைய பேரிங்கைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றினார் என்பதற்கு அதுதான் சாட்சி.

"உம்" என்று உறுமினால்

சுவிட்ச் போட்டதும் மோட்டார் சுற்றாமல் "உம்"மென்று உறுமினால் உடனே அணைத்துவிடுங்கள். எண்ணி ஐந்து வினாடிக்கு மேல் விடக் கூடாது. அப்படி நிற்கும்போது மோட்டார் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு மின்சாரம் இழுக்கும், காயில் கருகுவது பெரும்பாலும் இப்படித்தான்.

மூன்று பேஸ் மோட்டாராக இருந்தால் ஒரு பேஸ் வரவில்லை என்று அர்த்தம். பீஸ் போயிருக்கலாம், ஸ்டார்ட்டர் காண்டாக்ட் கருகியிருக்கலாம், கம்பத்திலேயே ஒரு லைன் விட்டிருக்கலாம். மலைப் பக்கம் காற்று மழைக் காலத்தில் இது சர்வ சாதாரணம். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் போனால் இன்னும் மோசம். மோட்டார் நிற்காது, குரல் மாறி முனகிக்கொண்டே ஓடி, உள்ளுக்குள் வெந்து போகும். இதைத் தடுக்க ஸ்டார்ட்டரோடு ஒரு சிங்கிள் பேஸ் பிரிவென்டர் இணைக்கலாம். ஒரு பேஸ் போனதும் அது தானாக மோட்டாரை நிறுத்திவிடும். எங்கள் கருத்தில், நம் பகுதி மில்களுக்கு புது மோட்டாரைவிட இதுதான் அவசரத் தேவை. லைன் கோளாறு என்றால் மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சின்ன மெஷின்களில், அதாவது வீட்டு மின்சாரத்தில் ஓடும் ஒரு பேஸ் மோட்டாரில், உறுமலுக்குக் காரணம் பெரும்பாலும் கெபாசிட்டர். மோட்டார் மேல் ஒட்டியிருக்கிற டப்பா அதுதான். விலை குறைவு, மாற்றுவதும் சுலபம். ஆனால் மின்சாரத்தை அணைத்த பிறகும் அது தனக்குள் கரண்டைத் தேக்கி வைத்திருக்கும், தொட்டால் உதறும். ஆகவே அதை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள். பழையதில் எத்தனை எம்எஃப்டி என்று போட்டிருக்கிறதோ அதே அளவுதான் போட வேண்டும்.

சாயங்காலம் மட்டும் மோட்டார் முனகுகிறது, காலையில் நன்றாக ஓடுகிறது என்றால் வோல்டேஜ் குறைவு. மூன்று பேஸுக்கு 415 வோல்ட் வர வேண்டும். 390க்குக் கீழே இறங்கினால் அரவையை நிறுத்தி வையுங்கள். வோல்டேஜ் குறையக் குறைய அதே வேலைக்கு மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்துச் சூடாகும். ஒரு வோல்ட் மீட்டரைச் சுவரில் மாட்டிவிட்டால் யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லலாம்.

இவை போக, சில்லறைச் சத்தங்கள் உண்டு. "கீச்"சென்றால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. பெல்ட்டின் நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு விரல் கனத்துக்கு உள்வாங்க வேண்டும், அதற்கு மேல் போனால் இழுத்துக் கட்டுங்கள். ரொம்ப இறுக்கினாலும் பேரிங்தான் அடி வாங்கும். இரண்டு மூன்று பெல்ட் ஓடுகிற புல்லியில் எல்லாப் பெல்ட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். "தடதட"வென்றால் தரையில் இறக்கிய போல்ட் தளர்ந்திருக்கும். "சரசர"வென்றால் பின்பக்கம் விசிறி இறக்கை உடைந்து மூடியில் உரசும். விசிறி மூடியில் உமி அடைத்திருந்தால் காற்றுப் போகாமல் மோட்டார் கொதிக்கும், வாரம் ஒரு தடவை பிரஷ் போட்டுத் தட்டுங்கள். இதற்கெல்லாம் யாராவது மோட்டாரை மாற்றச் சொன்னால் வாசலிலேயே வழியனுப்பிவிடலாம்.

காயில் கட்டலாமா?

கருகிய வாசனை வந்து மோட்டார் நின்றுவிட்டால் காயில் போயிருக்கும். முதலில் மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காயில் கட்டும் கடைக்காரர்களிடம் அந்தக் கருவி இருக்கும். மழையில் நனைந்து ஈரம் ஏறிய மோட்டாரைக்கூட காயில் போய்விட்டது என்று சொல்லிவிடுவார்கள். நன்றாக உலர்த்தினாலே சரியாகிவிடுகிற சமயங்கள் உண்டு.

காயில் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நான்கு விஷயம் பேசிவிட்டுக் கொடுங்கள். செம்புக் கம்பியா, அலுமினியக் கம்பியா? செம்பு என்று பில்லில் எழுத வேண்டும். எத்தனை கிலோ கம்பி? கூலியே எடை வைத்துத்தான். பழைய செம்பு யாருக்கு? இது முக்கியம் சகோதரிகளே. பழைய காயிலில் இருந்து எடுக்கிற செம்புக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை இருக்கிறது. அதை நம்மிடம் திருப்பித் தர வேண்டும், அல்லது கூலியில் கழிக்க வேண்டும். கேட்காதவர்களுக்கு யாரும் கொடுப்பதில்லை. நான்காவது, பழைய காயிலை எப்படி எடுப்பார்கள்? தீ வைத்து எரித்து உருவினால் உள்ளே இருக்கிற இரும்புத் தகடுகளின் பூச்சு போய்விடும். அப்புறம் அந்த மோட்டார் எப்போதும் சூடாகவே ஓடும், மின்சாரமும் கூடுதலாகக் குடிக்கும். வார்னிஷ் ஊற்றி நன்றாகக் காய வைத்துத்தான் திருப்பித் தர வேண்டும். அவசரப்படுத்தி அன்றைக்கே வாங்கிவந்தால் காயாத வார்னிஷோடு வரும்.

எப்போது புதுசு?

தொழில் செய்கிறவர்கள் ஒரு பொதுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். பழுது பார்க்கும் செலவு புது மோட்டார் விலையில் பாதியைத் தாண்டினால் புதுசு வாங்குவது மேல். புரிவதற்காக மட்டும் ஒரு கணக்கு வைப்போம். புது மோட்டார் 18,000 ரூபாய், காயில் கட்ட 6,000 என்றால் காயில் கட்டலாம். காயிலோடு பேரிங், புஷ், லேத் கூலி, ஏற்றி இறக்கும் வண்டி வாடகை எல்லாம் சேர்ந்து 10,000 ஆகிறது என்றால் யோசிக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை காயில் கட்டிய மோட்டாராக இருந்தால், ரோட்டர் உரசிக் கூட்டில் தழும்பு விழுந்திருந்தால், பாடி விரிசல் விட்டிருந்தால் கணக்கே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

"புதுசு வாங்கினா கரண்ட் பில் பாதியாகும்" என்று கடைக்காரர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். 5 ஹெச்பி மோட்டார் என்றால் 3.7 கிலோவாட் வேலை. பழைய மோட்டார் 100 யூனிட் வாங்கி 83 யூனிட்டுக்கு வேலை செய்கிறது, புதுசு 88 யூனிட்டுக்குச் செய்கிறது என்று வைத்துக்கொண்டால், முழுப் பளுவில் ஒரு மணி நேரத்துக்குக் கால் யூனிட்டுக்குச் சற்று மேல் மிச்சம். மாதம் 100 மணி நேரம் ஓடுகிற மில்லுக்குச் சுமார் 25 யூனிட். உங்கள் மின்கட்டண அட்டையில் இருக்கிற ரேட்டால் பெருக்கிப் பாருங்கள், பெரிய தொகை வராது. நாள் முழுக்க ஓடுகிற மில்லுக்கு இது லாபம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஓடுகிற நம் மில்லுக்கு, மின்சார மிச்சத்துக்காக மட்டும் நல்ல மோட்டாரைத் தூக்கிப் போடத் தேவையில்லை. போனதை மாற்றும்போது மட்டும் பெயர்ப்பலகையில் ஐஎஸ் 12615, ஐஇ2 அல்லது ஐஇ3 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வாங்கப் போகும்போது பழைய மோட்டாரின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஹெச்பி மட்டும் ஒத்துப்போனால் போதாது. சுற்று ஒத்துப்போக வேண்டும். 1,440 இருந்த இடத்தில் 2,880 சுற்று மோட்டாரைப் போட்டால் மில்லு இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும், கல்லே தெறிக்கும். ஷாப்ட் கனம், கால் போல்ட்டுகளுக்கு நடுவே உள்ள தூரம், ஷாப்ட்டின் உயரம் இவையும் ஒத்துப்போனால் பழைய புல்லியையும் மேடையையும் அப்படியே பயன்படுத்தலாம். தூசி புகாதபடி முழுக்க மூடிய மோட்டார், ஐபி55 என்று போட்டது, மாவு மில்லுக்கு ஏற்றது. மாட்டியதும் பெல்ட் போடாமல் ஓட்டி, பழைய திசையிலேயே சுற்றுகிறதா என்று பாருங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் மூன்று கம்பியில் இரண்டை மாற்றிக் கொடுத்தால் போதும். எர்த் கம்பியை மறுபடியும் இணைத்தார்களா என்பதையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

வீட்டுச் சாமானுக்கும் இதே கணக்குதான். 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசுத் திட்டத்தில் நம் வீடுகளுக்கு வந்த இலவச ஃபேனும் கிரைண்டரும் இப்போது பத்து வருடம் தாண்டிவிட்டன. ஃபேன் உறுமினால், மெதுவாகச் சுற்றினால் கெபாசிட்டர். "கடகட" என்றால் பேரிங் அல்லது புஷ். கிரைண்டரில் சத்தம் வந்தால் முதலில் அடியில் இருக்கிற பெல்ட்டைப் பாருங்கள். மிக்ஸி மட்டும் வேறு சாதி. அதில் தீப்பொறி தெரிந்தால் கார்பன் பிரஷ்.

பணம் எங்கிருந்து?

மோட்டார் செலவை எந்த உறுப்பினரும் தனியாக முடிவு செய்யக் கூடாது. அவசரமாக இருந்தாலும் ஊக்குநர், பிரதிநிதிகள் உட்பட கூடி, என்ன சத்தம், என்ன சோதனை செய்தோம், யார் யாரிடம் விலை கேட்டோம் என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து போடுங்கள். இரண்டு மூன்று இடத்தில் விலைப்பட்டியல் வாங்குங்கள். ஆலங்காயத்தில் ஒன்று, வாணியம்பாடியிலோ திருப்பத்தூரிலோ ஒன்று.

இனிமேலாவது தேய்மான நிதி என்று தனியாக ஒரு கணக்கு வையுங்கள். ஒரு படி அரவைக்கு வாங்குகிற கூலியில் சிறு பங்கை உண்டியலில் போட்டு, மாதக் கூட்டத்தில் எண்ணி வங்கியில் கட்டினால், மூன்று நான்கு வருடத்தில் மோட்டார் விலை சேர்ந்துவிடும். ஒரு குழுவில் அந்த உண்டியலுக்கு "மோட்டாரம்மா உண்டியல்" என்றே பெயர் வைத்து மஞ்சள் குங்குமம் வைத்திருக்கிறார்கள். அதில் கடனுக்குக் கை வைக்க யாருக்கும் துணிச்சல் வருவதில்லையாம்!

ஒன்றிய அரசு 2020ல் தொடங்கிய உணவு பதப்படுத்தும் குறு நிறுவனங்கள் திட்டத்தில், இந்தத் தொழில் செய்யும் குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை, சிறு கருவிகளுக்கும் நடைமுறை மூலதனத்துக்கும் தொடக்க நிதி வைத்திருந்தார்கள். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை மகளிர் திட்ட வட்டார அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். கேட்கப் போகும்போது வரவு செலவுப் பேரேட்டையும், மில்லின் மின்கட்டண ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு போனால் இரண்டு நடை மிச்சம்.

புது மோட்டார் வாங்கினால் உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் போட்டு வாங்கி, தீர்மானப் புத்தகத்தோடு பையில் வையுங்கள். யார் வீட்டு பீரோவிலும் வேண்டாம். மோட்டார் ஓடத் தொடங்கிய தேதியையும் பேரிங் எண்ணையும் பெயின்ட்டில் மோட்டார் மேடை மேலேயே எழுதிவிடுங்கள். அடுத்த தடவை சத்தம் வரும்போது பிரிக்காமலே கடைக்குப் போய் வந்துவிடலாம்.